நேரமுத்திரை செக்கனிலா, மில்லிசெக்கனிலா? படகுப் பதிவேட்டில் 1970 ஜனவரி

நிலாவெளிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் படகுச் சங்கம் ஒன்றின் புறப்பாடு, வருகைப் பதிவேட்டைப் பராமரிக்கும் வேலை அண்மையில் என்னிடம் வந்தது. முதலில் எழுதியவர் இப்போது வெளிநாட்டில். ஒரு வரி விளக்கக் குறிப்புக்கூட விட்டுப்போகவில்லை. படகில் பொருத்திய கருவி ஜிபிஎஸ் இடத்தையும் நேரத்தையும் அனுப்புகிறது. வாடியில் கணக்கு எழுதுபவர் ஆண்ட்ரொய்ட் செயலியில் ‘புறப்பட்டது’, ‘கரை சேர்ந்தது’ என்ற இரண்டு பொத்தான்களை அழுத்துகிறார். சேர்வரில் பைதான், பின்னால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், பார்ப்பதற்கு ஜாவாஸ்கிரிப்டில் ஓர் இணையப்பக்கம்.

சில பயணங்கள் 1970 ஜனவரி 21 என்று காட்டுகின்றன. சிலவற்றின் பயண நேரம் -1 செக்கன். விடியற்காலையில் கரை சேரும் படகுகளின் மீன் நிறை முந்தைய நாள் கணக்கில் போய் விழுகிறது. ஏலக் கணக்குப் பார்ப்பவர்கள் தினமும் என்னைத் தொலைபேசியில் பிடிக்கிறார்கள். நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் படகு சில வேளைகளில் மறுநாள் புறப்பட்டதாக நிற்கிறது. மூல அட்டவணையில் புலத்தின் பெயர் வெறும் ‘நேரம்’. அதற்குள் 1735689600 என்றும் இருக்கிறது, 1735689600000 என்றும் இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது?

உவர்மலை

அந்த இரண்டு எண்களும் ஒரே கணம்தான், தம்பி: 2025 ஜனவரி 1, நம் நேரம் காலை 5.30. முதலாவது, 1970 ஜனவரி 1 யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து எண்ணிய செக்கன்கள். இரண்டாவது மில்லிசெக்கன்கள். பைதானின் டைம்.டைம் செக்கனைத் தசமத்தோடு தருகிறது. ஜாவாஸ்கிரிப்டின் டேட்.நவ் மில்லிசெக்கன் தருகிறது. ஆண்ட்ரொய்டில் வழக்கமாக அழைக்கும் கரன்ட்டைம்மில்லிஸ் பெயரிலேயே மில்லிசெக்கன். மூன்று மொழிகள் ஒரே புலத்தில் எழுதினால் நடப்பது இதுதான்.

1735689600 ஐ ஜாவாஸ்கிரிப்ட் மில்லிசெக்கன் என்று எடுத்துக்கொண்டால் இருபது நாட்களும் சொச்சமும் ஆகிறது. அதனால்தான் ஜனவரி 21, காலை 7.38. அந்தத் தவறான பதிவுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள்: ஒரு முழு நாள் 86.4 செக்கனுக்குள் சுருங்கியிருக்கும், ஓராண்டுப் பயணங்கள் அத்தனையும் ஒன்பது மணித்தியாலத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இதுவே இது அலகுப் பிழைதான் என்பதற்கான சான்று. நேரவலயப் பிழை என்றால் ஐந்தரை மணித்தியாலம் தள்ளி நிற்கும், சுருங்காது.

மறுபக்கப் பிழை இன்னும் மோசம். மில்லிசெக்கனைச் செக்கனாக வாசித்தால் ஆண்டு 56,000 ஐத் தாண்டும். பைதான் அதை ஏற்காமல் பிழை எறியும், அது நல்லது. மைஎஸ்கியூஎல்லின் ஃப்ரம்_யுனிக்ஸ்டைம் சத்தமில்லாமல் வெற்று மதிப்பைத் தரும், அது நல்லதல்ல. உங்கள் அறிக்கையில் காணாமல் போன பயணங்களும் இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

தம்பலகாமம்

இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு? இலக்கங்களை எண்ணினால் போதும். 10 இலக்கம் என்றால் செக்கன், 13 என்றால் மில்லிசெக்கன், 16 என்றால் மைக்ரோசெக்கன், 19 என்றால் நானோசெக்கன். உள்ளே வரும் இடத்தில் ஒரு சார்பு எழுதி, அளவைப் பார்த்து ஆயிரத்தால் வகுத்துவிடலாம். எங்கள் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக அப்படித்தான் ஓடுகிறது.

நிலாவெளிக்காரன்

நன்றி அக்கா. தேடினேன், வெற்று மதிப்பில் ஒரு கூட்டம் கிடக்கிறது. தம்பலகாமம் அண்ணா சொல்வது எனக்கு இலகுவாகத் தெரிகிறது. இன்றிரவே போட்டுவிடலாமா?

திருமலை வடக்கு

போடாதீர்கள்.

இலக்கம் எண்ணும் முறை 2001 செப்டெம்பர் 9 க்குப் பிறகான கணங்களுக்கு மட்டும் பொருந்தும். அன்றுதான் செக்கன் எண்ணிக்கை நூறு கோடியைத் தொட்டு 10 இலக்கமானது. அதற்கு முந்தைய மில்லிசெக்கன் மதிப்புக்கு 12 இலக்கம், அதற்கும் முன்னால் 11. சங்கத்துப் பதிவேடு என்றால் படகு உரிமையாளரின் பிறந்த தேதியும் எங்கோ இருக்கும். அதுவும் இதே சார்பு வழியாகப் போகாது என்று யார் சொன்னது? 1972 ஜனவரி 1 மில்லிசெக்கனில் 63072000000. பதினோரு இலக்கம்தானே, செக்கனாக இருக்கும் என்று சார்பு முடிவு செய்தால் அந்த மனிதர் 3968 இல் பிறப்பார். 1970 க்கு முன் பிறந்தவருக்கு எண்ணே எதிர்மறை; 1965 ஜனவரி 1 என்பது -157766400 செக்கன். கழித்தல் குறியையும் ஓர் இலக்கமாக எண்ணும் சார்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

கருவியின் மின்கலம் செத்தால் கடிகாரம் பூச்சியத்திலிருந்து தொடங்கும். அப்போது வரும் எண் ஆறு இலக்கமோ ஏழு இலக்கமோ. உங்கள் சார்பு அதற்கும் ஓர் அலகைக் கண்டுபிடித்து, பார்வைக்கு ஒழுங்கான ஒரு நேரத்தைத் தரவுத்தளத்தில் எழுதிவிடும். பிறகு யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

அலகை எண்ணிடம் கேட்கக் கூடாது, அனுப்பியவரிடம் கேட்க வேண்டும். கருவி அனுப்பினால் செக்கன், செயலி அனுப்பினால் மில்லிசெக்கன் என்பது அந்தந்த நிரலைத் திறந்தால் தெரியும். வாசலில் ஒரே ஒரு தடவை மாற்றுங்கள், உள்ளே எங்கும் மில்லிசெக்கன் முழு எண் என்று வையுங்கள், புலத்தின் பெயரையும் ‘புறப்பாடு_மிசெ’ என்று மாற்றுங்கள். ‘நேரம்’ என்ற பெயர் யாருக்கும் எதையும் சொல்லாது.

இலக்கம் பார்ப்பது ஒரு வேலைக்கு உதவும்: மறுக்க. 2020 க்கு முந்தியோ நாளைக்குப் பிந்தியோ ஒரு புறப்பாடு வந்தால் ஏற்க வேண்டாம், பதிவு செய்து வைத்துவிட்டுக் கூச்சலிடுங்கள். திருத்த வேண்டாம்.

தம்பலகாமம்

பிறந்த தேதியை நேரமுத்திரையாக வைப்பதே தவறு. அதை வைத்து என் முறையைக் குறை சொல்வது சரியா? பிறந்த தேதி வெறும் ஆண்டு, மாதம், நாள். அதற்கு மணியும் இல்லை, வலயமும் இல்லை.

திருமலை வடக்கு

அதில் முழு உடன்பாடு. ஆனாலும் வைக்கிறார்கள். செத்த கடிகாரத்துக்கு உங்கள் பதில் என்ன?

தம்பலகாமம்

அதற்குப் பதில் இல்லை. மறுப்பதற்கு மட்டும் என்றால் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

உவர்மலை

இனி அந்த -1 செக்கன். ‘புறப்பட்டது’ நேரத்தைச் செக்கனாக்கும் வரியையும் ‘கரை சேர்ந்தது’ நேரத்தைச் செக்கனாக்கும் வரியையும் இங்கே சொல்ல முடியுமா? என் ஊகம்: ஒன்று மட்டந்தட்டுகிறது (கிட்டிய முழு எண்ணுக்குப் போகிறது), மற்றது வெட்டுகிறது (தசமத்தை அப்படியே விட்டுவிடுகிறது).

நிலாவெளிக்காரன்

அப்படியேதான் இருக்கிறது அக்கா. புறப்பாடு செயலியிலேயே ஆயிரத்தால் வகுக்கப்பட்டு மேத்.ரவுண்ட் வழியாக வருகிறது. கரை சேர்ந்தது சேர்வரில், டைம்.டைம் மதிப்பை இன்ட் சார்புக்குள் போட்டு எடுக்கப்படுகிறது. தவறான படகை அழுத்திவிட்டு உடனே மூடும்போதுதான் -1 வருகிறது என்பதையும் இப்போது கவனித்தேன்.

உவர்மலை

10.6 இல் புறப்பாடு, 10.9 இல் வருகை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது மட்டந்தட்டி 11. இரண்டாவது வெட்டி 10. கழித்தால் -1. நீண்ட பயணங்களிலும் இதே பிழை இருக்கிறது, பெரிய எண்ணுக்குள் ஒளிந்திருப்பதால் கண்ணில் படவில்லை.

இரண்டையும் மட்டந்தட்டினாலும் சரியாகாது. 10.4 இலிருந்து 12.6 வரை உண்மையில் 2.2 செக்கன். முனைகளை மட்டந்தட்டினால் 10 இலிருந்து 13, அதாவது 3. முதலில் மில்லிசெக்கனிலேயே கழியுங்கள். திரையில் காட்டும் கடைசி வரியில் மட்டும் மட்டந்தட்டுங்கள். மொத்த எரிபொருள் நேரம் கூட்டும்போதும் இதே ஒழுங்கு: கூட்டிவிட்டு மட்டந்தட்ட வேண்டும்.

ஒரு கணத்தைப் பெரிய அலகுக்கு மாற்றும்போது எப்போதும் கீழ்நோக்கியே போங்கள். மணி 11.59.59.7 இல் இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை. எந்தச் சுவர்க் கடிகாரமும் அரைச் செக்கன் முன்கூட்டி அடிப்பதில்லை. கீழ்நோக்கி என்றால் சிறிய எண்ணின் பக்கம். -1500 மில்லிசெக்கன் -2 செக்கனாக வேண்டும். ஜாவாவிலும் சியிலும் சாதாரண முழு எண் வகுத்தல் பூச்சியத்தின் பக்கம் வெட்டி -1 தரும். ஜாவாவில் ஃப்ளோர்டிவ் பயன்படுத்துங்கள். பைதானில் இரட்டைச் சாய்கோடு கீழ்நோக்கிப் போகும், இன்ட் சார்பு பூச்சியத்தின் பக்கம் போகும். ஒரே மொழிக்குள்ளேயே இரண்டு நடத்தை.

பைதானின் ரவுண்ட் பற்றியும் ஓர் எச்சரிக்கை: 2.5 ஐக் கொடுத்தால் 2 வரும், ஏனென்றால் நடுவில் நிற்கும் எண்ணை அது இரட்டை எண்ணின் பக்கம் தள்ளுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் அதே 2.5 க்கு 3 சொல்லும். சேர்வரும் இணையப்பக்கமும் ஒரே பயணத்துக்கு வேறு வேறு நிமிடம் காட்டினால் முதலில் இங்கே பாருங்கள்.

திருமலை வடக்கு

உவர்மலை சொன்னதோடு ஒன்று. புறப்பாடு தொலைபேசியின் கடிகாரம், வருகை சேர்வரின் கடிகாரம். இரண்டு கடிகாரங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் வருவது பயண நேரமாகாது. இரண்டு பொத்தான்களுக்கும் தொலைபேசியின் நேரத்தையே எடுங்கள். சேர்வருக்கு எப்போது வந்தது என்பதைத் தனிப் புலத்தில் வையுங்கள்.

கிண்ணியாக் கரை

நான் இவற்றைப் போன்ற கருவிகளை இஎஸ்பி32 என்ற சிறிய சில்லில் செய்துகொடுப்பவன். கேட்கிறேன்: படகின் இடப் புள்ளிகள் சிலவற்றில் இரண்டு நிமிடத்துக்கு ஒரே நேரம் வருகிறதா? அரை நிமிடத்துக்கு ஒரு புள்ளி அனுப்பினால் நான்கு புள்ளிகளுக்கு ஒரே முத்திரை?

நிலாவெளிக்காரன்

நானா, எப்படித் தெரியும்? பழைய படகுகளில் அப்படித்தான். சிக்னல் இல்லாமல் தேங்கி மொத்தமாக வந்தது என்று நினைத்தேன்.

கிண்ணியாக் கரை

சிக்னல் பிரச்சினை என்றால் இடைவெளி ஒழுங்கில்லாமல் இருக்கும். இது எப்போதும் 128 செக்கன் படி. இணையத்தில் கைமாறித் திரியும் ஒரு பழைய மாதிரி நிரல் நேரத்தை 32 பிட் மிதவைப் புள்ளி (தசம எண்) மாறியில் வைக்கிறது. அந்த வகை எண்ணில் 24 பிட் மட்டுமே துல்லியம். இன்றைய செக்கன் எண்ணிக்கையைக் கொள்ள 31 பிட் வேண்டும். மிச்சம் ஏழு பிட் கீழே விழுகிறது, அதாவது 128 இன் மடங்குகள் மட்டுமே நிற்கும். முழு எண்ணாக அறிவித்தால் அன்றே தீரும். சிறிய ஆர்டுயினோ பலகைகளில் டபுள் என்று எழுதினாலும் 32 பிட்தான் கிடைக்கும், ஏமாறாதீர்கள்.

64 பிட்டாக இருந்தாலும் பெருக்கும்போது கவனம். 1.005 ஐ 1000 ஆல் பெருக்கினால் 1004.9999999999999 வரும். அதை வெட்டினால் 1004. ஒரு மில்லிசெக்கன் போய்விட்டது. பைதான் 3.7 இலிருந்து டைம்_என்எஸ் என்று முழு எண்ணாகவே நானோசெக்கன் தரும் சார்பு இருக்கிறது. அங்கிருந்து பத்து இலட்சத்தால் முழு எண் வகுத்தல் செய்தால் தசமமே தலையிடாது.

ஜிபிஎஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. செயற்கைக்கோளின் சொந்தக் கடிகாரம் 1980 ஜனவரி 6 இல் தொடங்கியது. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யூடிசியில் எப்போதாவது சேர்க்கும் லீப் செக்கனை அது சேர்ப்பதில்லை. இப்போது யூடிசியை விட 18 செக்கன் முன்னால் ஓடுகிறது. பெரும்பாலான மொடியூல்கள் அதைக் கழித்து யூடிசியாகவே தருகின்றன. ஆனால் குளிர்ந்த நிலையில் இயக்கினால், சரியான லீப் செக்கன் எண்ணிக்கை செயற்கைக்கோளிலிருந்து வந்து சேரப் பன்னிரண்டரை நிமிடம் வரை ஆகலாம். அதுவரை தொழிற்சாலையில் எழுதிய பழைய எண்ணிக்கையை வைத்துக் கழிக்கும். இயந்திரத்தை முடுக்கிய கொஞ்ச நேரத்தில் கடிகாரம் ஓரிரு செக்கன் பின்னால் குதித்தால் அதுதான் காரணம். மீன் கணக்குக்கு இது பெரிய விடயமல்ல. நேர வரிசையை நம்பி நிரல் எழுதியவருக்குத் தலைவலி.

தம்பலகாமம்

தரவுத்தளம் என் பக்கம், அதைச் சொல்கிறேன். உங்கள் பயண அட்டவணையில் புறப்பாடு டேட்டைம் வகை, அடைப்புக்குறியில் எண் எதுவும் இல்லை, சரியா? அப்படியானால் அதற்குப் பின்னச் செக்கன் கிடையாது. பின்னத்தோடு வரும் மதிப்பை மைஎஸ்கியூஎல் வெட்டாது, மட்டந்தட்டும். 23.59.59.5 மறுநாள் 00.00.00 ஆகிவிடும். டிசெம்பர் 31 இல் நடந்தால் ஆண்டே மாறும். டேட்டைம்(3) என்று மாற்றுங்கள், மில்லிசெக்கன் அப்படியே நிற்கும். போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளத்திலும் துல்லியத்தைப் பூச்சியமாக்கினால் இதே மட்டந்தட்டல்தான், ஆனால் எதுவும் சொல்லாவிட்டால் அது மைக்ரோசெக்கன் வரை வைத்திருக்கும்.

மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சேர்வர் தரவுத்தளத்தின் பழைய டேட்டைம் இன்னும் விநோதம். .000, .003, .007 என்று மட்டுமே நிற்கும். ஒரு நாளின் கடைசி என்று 23.59.59.999 எழுதினால் அது மறுநாளாகிவிடும். நாளின் முடிவை யாரும் அப்படி எழுதவே கூடாது. இன்று பூச்சிய மணி முதல், நாளை பூச்சிய மணிக்கு முன்பு வரை. முன்பு வரை என்றால் சமக்குறி இல்லாமல்.

நிலாவெளிக்காரன்

அடைப்புக்குறி இல்லைதான் அண்ணா. மாற்றுகிறேன். விடியற்காலைப் படகுகள் மட்டும் மிச்சம்.

உவர்மலை

நாளைக் கணக்கிடும் வரியில் 86400 ஆல் வகுக்கிறார்களா?

நிலாவெளிக்காரன்

ஆம். வேறொன்றும் இல்லை.

உவர்மலை

அப்படி வகுத்தால் கிடைப்பது யூடிசி நாள். அது இலங்கையில் காலை 5.30 க்கு மாறுகிறது. ஐந்து மணிக்குக் கரை சேர்ந்த படகு கணினிக்கு நேற்று வந்த படகு. உங்கள் ஆட்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தானே வருகிறார்கள்? 19800 செக்கனைக் கூட்டிவிட்டு, பிறகு கீழ்நோக்கி வகுத்தால் நம் நாள் வரும். இப்போதைக்கு இது போதும்.

மூதூர்க் கரையோரம்

இப்போதைக்கு என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்க வேண்டும். சங்கத்தின் பழைய கொப்பிகளையும் ஏற்றப் போகிறீர்களா?

1996 மே 25 இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக இலங்கையின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள், ஆறரை ஆனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அரை மணித்தியாலம் குறைத்து ஆறு ஆக்கினார்கள். ஐந்தரைக்குத் திரும்பியது 2006 ஏப்ரல் 15 இல். அன்று நள்ளிரவு 12.30 ஆனதும் கடிகாரம் 12.00 க்குப் போனது, அந்த அரை மணித்தியாலம் இரண்டு தடவை வந்தது. ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு 19800 தவறான எண்.

நமக்கு மறக்க முடியாத கணத்தையே எடுங்கள். 2004 டிசெம்பர் 26, சுமாத்திராவில் நிலம் நடுங்கியது யூடிசி 00.58.53. அன்று நம் கடிகாரத்தில் 6.58.53. 19800 ஐக் கூட்டும் நிரல் 6.28.53 என்று சொல்லும். ஆழிப்பேரலைக்குப் பிறகு எழுதப்பட்ட படகு இழப்புக் கொப்பிகளில் இருப்பது அன்றைய கடிகார நேரம். அதை ஐந்தரை என்று நினைத்து யூடிசிக்கு மாற்றினால் எல்லாமே அரை மணித்தியாலம் பிந்திப் போகும். வலயத்தின் பெயரான ஏஷியா/கொழும்பு என்பதைக் கொடுத்து நேரவலயத் தரவுத்தளத்திடம் விடுங்கள், இந்த மாற்றங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

அதிலும் தீராத ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் புதிய நேரத்தை ஏற்கவில்லை. பழைய நேரம், புதிய நேரம் என்று கேட்டு எழுதிய காலம் அது. 1998 இல் சம்பூர்ப் பக்கத்துக் கொப்பியில் ‘காலை 6’ என்று இருந்தால் அது யாருடைய ஆறு என்று எந்தத் தரவுத்தளமும் சொல்லாது. எழுதியவரையோ அவர் பிள்ளையையோதான் கேட்க வேண்டும்.

திருமலை வடக்கு

அருமை. இத்தகைய பதிவுகளுக்கு நேரமுத்திரையே போடாதீர்கள். எழுதியபடியே எழுத்தாக வைத்து, எந்த ஊர்க் கொப்பி என்பதைப் பக்கத்தில் குறியுங்கள்.

நிலாவெளிக்காரன்

மூதூர் அண்ணாவுக்குப் பெரிய நன்றி. பழைய கொப்பிகளை இம்முறை ஏற்றவில்லை.

மற்றவற்றைச் செய்துவிட்டேன். ஒவ்வொரு பதிவிலும் அனுப்பிய கருவியின் இலக்கம் இருந்ததால் செக்கனையும் மில்லிசெக்கனையும் மூலத்தை வைத்தே பிரிக்க முடிந்தது. புலங்களின் பெயர்கள் எல்லாம் ‘_மிசெ’ என்று முடிகின்றன. சோதனைக்கு .499, .500, .999, நள்ளிரவுக்கு ஒரு மில்லிசெக்கன் முன், காலை 5.29.59.999, ஓர் எதிர்மறை எண் ஆகியவற்றைப் போட்டேன். எதிர்மறையில் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் விழுந்தது, முன்பு எழுதியவர் செங்குத்துக் கோட்டுக் குறியை (|) போட்டு வெட்டியிருந்தார்.

உவர்மலை

அந்தச் செங்குத்துக் கோடு எண்ணை 32 பிட்டாகவும் சுருக்கும். செக்கனுக்கு 2038 ஜனவரி 19 காலை 8.44.07 வரை தாங்கும், மில்லிசெக்கனுக்கு இன்றே உடையும். மேத்.ஃப்ளோர் என்று மாற்றிவிடுங்கள். உள்நுழைவு டோக்கனையும் பாருங்கள் தம்பி. ஜேடபிள்யூடி என்ற டோக்கன் வகையின் காலாவதி செக்கனில் எழுத வேண்டியது. டேட்.நவ் மதிப்பை அப்படியே அதில் போட்டிருந்தால் அந்த டோக்கன் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்குக் காலாவதியாகாது.

நிலாவெளிக்காரன்

அப்படியே போட்டிருக்கிறது. இப்போதே மாற்றுகிறேன்.

கிண்ணியாக் கரை

அடுத்த தொகுதிக் கருவிகளிலிருந்து ‘நேரம்_செ’ என்ற பெயரில் அனுப்புகிறேன். கடலில் இருக்கும் பழையவை ‘நேரம்’ என்றே அனுப்பும், அவற்றைக் கழற்றி எழுத மாரிக்குப் படகு கரையேறும்வரை முடியாது. சேர்வர் இரண்டு பெயரையும் ஏற்குமா?

நிலாவெளிக்காரன்

ஏற்கும் நானா. ‘நேரம்’ என்று வந்தால் கருவி இலக்கம் பழைய பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் செக்கனாக எடுத்துக்கொள்கிறது. பட்டியலில் இல்லாத கருவி அந்தப் பெயரில் அனுப்பினால் திருப்பிவிடுகிறது. பட்டியலைத் தனிமடலில் அனுப்புங்கள்.